டிராக்டர் இல்லாத ஊரிலிருந்து ஒரு பதில்

டீச்சர், போன வாரம் கோயில் கூட்டம் முடிந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் கேட்ட கேள்விக்கு அங்கேயே நின்றபடி பதில் சொல்ல முடியவில்லை. "ஐரோப்பாவில் விவசாயிகள் டிராக்டரைக் கொண்டுவந்து நெடுஞ்சாலையை மறிக்கிறார்கள். பருவநிலை கெட்டால் முதல் அடி அவர்களுக்குத்தானே? அதைத் தடுக்க வருகிற சட்டத்தை அவர்களே ஏன் எதிர்க்கிறார்கள்? நம் ஊர்ச் சிறுதோட்டக்காரர்கள் மட்டும் ஏன் வாயே திறப்பதில்லை?" என்று கேட்டீர்கள். இருபத்தெட்டு வருஷம் தோட்டத்தில் கிராணி (எழுத்தர்) வேலை பார்த்தேன். இப்போது மலேசியாவின் பேரா மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங்கில் நாலு ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை) வைத்திருக்கிறேன். கணக்கு எழுதிப் பழகிய கை என்பதால் எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

விவசாயிக்கு வானிலை மாறுவது தெரியாது, சொன்னாலும் நம்ப மாட்டான் என்று பட்டணத்தில் ஓர் எண்ணம் இருக்கிறது. அதை முதலில் ஓரமாக வையுங்கள். செம்பனைக்காரனுக்கு மழை தப்பிய கணக்கு பல மாதம், சில சமயம் இரண்டு வருஷம் கழித்துத்தான் வந்து சேரும். வறட்சி பிடித்தால் மரம் அன்றைக்கே காய்ந்து காட்டாது. உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் பூவில் பெண் பூ குறைந்து ஆண் பூ கூடும், இல்லையென்றால் பிஞ்சிலேயே கருகும். பல மாதம் கழித்து, நல்ல மழை பெய்துகொண்டிருக்கும்போது, மரத்தை அண்ணாந்து பார்த்தால் குலை இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறத்தில் ஆண் பூவாக நீட்டிக்கொண்டிருக்கும். 2015-16 எல் நினோ வறட்சியை நான் அப்படித்தான் பார்த்தேன். 2015இல் ஏறத்தாழ 20 மில்லியன் டன்னாக இருந்த மலேசியாவின் கச்சா செம்பனை எண்ணெய் உற்பத்தி 2016இல் 17.3 மில்லியன் டன்னுக்கு இறங்கியது. பக்கத்துக் காட்டுக்காரர் பள்ளிக்கூடமே போகாதவர். "ரெண்டு வருஷத்துக்கு முந்தைய வெயிலை இப்பத்தான் அறுக்கிறோம்" என்பார். அவருக்குப் பருவநிலைப் பாடம் எடுக்க யாரும் வர வேண்டியதில்லை.

அப்படியானால் சண்டை எதற்கு? ஒவ்வொரு போராட்டத்தையும் எடுத்துப் பார்த்தால், செய்தியில் "பருவநிலைச் சட்டத்துக்கு எதிர்ப்பு" என்று ஒரே தலைப்பில் கட்டிய மூட்டைக்குள் வேறு வேறு சரக்கு கிடக்கும்.

நெதர்லாந்தை எடுங்கள். அங்கே பிரச்சினை கரியமில வாயுவே அல்ல, நைட்ரஜன். மாட்டுச் சாணமும் மூத்திரமும் சேர்ந்து கிளப்பும் அம்மோனியா பக்கத்துக் காடுகளிலும் சதுப்புகளிலும் படிந்து அங்கே இயற்கையாக வளரும் செடிகளைக் கொல்கிறது. அரசாங்கம் வருஷக் கணக்கில் ஒரு தந்திரம் செய்தது. "எதிர்காலத்தில் குறைப்போம்" என்ற வாக்குறுதியை வைத்துக்கொண்டு இன்றைக்கே புதுப் பண்ணைகளுக்கு அனுமதி கொடுத்தது. 2019 மே 29ஆம் தேதி உயர் நிர்வாக நீதிமன்றம் அது செல்லாது என்றது. அக்டோபர் 1ஆம் தேதி டிராக்டர்கள் ஹேக் நகருக்குப் புறப்பட்டன. அன்று காலை நாட்டின் சாலை நெரிசல் ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டியது. 2022 ஜூனில் அரசாங்கம் ஒரு வரைபடம் வெளியிட்டது. எந்தப் பகுதியில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று நிறம் தீட்டி, சில இடங்களுக்கு 95 விழுக்காடு என்று போட்டிருந்தது. 95 விழுக்காடு குறை என்றால் தொழிலை மூடு என்று அர்த்தம். தன் பண்ணைக்கு என்ன கதி என்பதை ஒருவன் வரைபடத்தில் நிறம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இத்தனைக்கும் அவன் அப்பாவிடம் "பெரிசாக்கு, கடன் தருகிறோம்" என்று சொன்னதும் வங்கியும் அரசாங்கமும்தான். அடுத்த வருஷம் மார்ச் மாதம் மாநிலத் தேர்தலில், தொடங்கி நாலு வருஷம்கூட ஆகாத விவசாயிகள் கட்சி எல்லாக் கட்சிகளையும் முந்தியது.

ஜெர்மனியில் கதை வேறு. 2023 நவம்பர் 15ஆம் தேதி அங்குள்ள அரசியல் சட்ட நீதிமன்றம், பருவநிலை நிதிக்கு மாற்றி வைத்த 60 பில்லியன் யூரோ செல்லாது என்றது. பட்ஜெட்டில் பெரிய ஓட்டை. அடைக்கக் கைக்கு எட்டியது விவசாய டீசல் சலுகை. லிட்டருக்கு 21 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்ததை நிறுத்துகிறோம் என்றார்கள். ஜனவரியில் பெர்லின் வரை டிராக்டர் வரிசை. டீசலை எரித்தால் புகை வரும், அதைக் குறைக்க வேண்டும் என்பதில் தப்பில்லை. ஆனால் வயலில் உழ டீசலை விட்டால் வேறு இயந்திரம் அவனிடம் இல்லை. விலையை ஏற்றினால் அவன் குறைவாக உழப்போவதில்லை, கையில் மிஞ்சுவதுதான் குறையும்.

பிரான்சில் இளம் விவசாயிகள் ஊர்ப் பெயர்ப் பலகைகளைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினார்கள். அங்கேயும் தீப்பொறி டீசல் வரிதான். ஆனால் நெடுஞ்சாலையில் வைக்கோல் கட்டு அடுக்கி உட்கார்ந்தவர்கள் பேசியது பாலுக்கும் இறைச்சிக்கும் பேரங்காடிகள் கொடுக்கிற விலை, வெளிநாட்டிலிருந்து மலிவாக வருகிற சரக்கு, நாலு அலுவலகத்துக்கு ஒரே படிவத்தை நாலு தடவை எழுதுவது. இங்கேதான் நான் உங்களைக் கொஞ்சம் நிறுத்துகிறேன், டீச்சர். அவர்கள் கேட்டது விலை. கிடைத்தது என்ன? டீசல் வரி உயர்வு ரத்து. 2024 பிப்ரவரியில் பூச்சிமருந்தைப் பாதியாகக் குறைக்கும் ஐரோப்பியச் சட்ட முன்வரைவு வாபஸ். நாலு விழுக்காடு நிலத்தைத் தரிசாக விட வேண்டும் என்ற விதி தளர்வு. பேரங்காடியின் கையை முறுக்குவது கஷ்டம், பறவைக்கும் வண்டுக்கும் ஒதுக்கிய நிலத்தைத் திருப்பிக் கொடுப்பது சுலபம். அவற்றுக்கு ஓட்டு இல்லையே. விவசாயி கோபப்பட்டது ஒன்றுக்கு, அரசாங்கம் விட்டுக்கொடுத்தது இன்னொன்றை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு விவசாயி இயற்கைக்கு எதிரி என்று தோன்றுவதில் பாதி இதனால்தான் என்பது என் கணிப்பு.

விலை என்று சொன்னேன். அது நம் ஊரில் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். என் நாலு ஏக்கரில் மாதம் இரண்டு டன் குலை இறங்கினால் நல்ல மாதம். அதை ரேம்ப் என்று நாம் சொல்லும் பழ மேடைக்கு லோரி கொண்டுபோகும். மேடைக்காரர் ஆலைக்கு விற்பார். ஆலை, கச்சா எண்ணெய் என்ன விலை போகிறதோ அதை வைத்து, குலையில் நூற்றுக்கு எத்தனை எண்ணெய் தேறும் என்று பார்த்து, அரைக்கிற செலவைக் கழித்து, ஒரு விலை போடும். கச்சா எண்ணெய் விலை கோலாலம்பூர் முன்பேரச் சந்தையில் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். 2022 மார்ச்சில் டன் 7,000 வெள்ளியை (ரிங்கிட்டை) தாண்டியது, அந்த வருஷம் முடிவதற்குள் 4,000க்குக் கீழே இறங்கி வந்தது. உரமும் ஏறியது, எண்ணெய் இறங்கிய பிறகும் உரம் அத்தனை சீக்கிரம் இறங்கவில்லை. உர மூட்டைக்குக் கடைக்காரர் சொன்னதுதான் விலை, குலைக்கு மேடைக்காரர் சொன்னதுதான் விலை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவன் நான். குலை வெட்டுகிறவருக்கு டன் கணக்கில் கூலி, லோரிக்கு டன் கணக்கில் வாடகை. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஒரே இரவில் ஏறியது. மறு வாரமே லோரிக்காரர் டன்னுக்குச் சில வெள்ளி கூட்டிக் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் என்னிடம் ஏற்றினார், நான் யாரிடம் ஏற்றுவது? மேடையில் போய் "அண்ணே, இன்னைக்கு டீசல் கூடிப்போச்சு, குலைக்குப் பத்து வெள்ளி சேர்த்துக் கொடுங்க" என்றால் சிரிப்பார்கள்.

கடைக்காரன் வரியை வாங்குகிறவர் தலையில் வைப்பான். தொழிற்சாலையும் அப்படியே. விவசாயியிடம் வந்த செலவு மட்டும் அவனிடமே தங்கிவிடும். எந்தப் பச்சைச் சட்டமாக இருந்தாலும், அதன் செலவை இப்படிக் கடத்திவிட முடியாதவன் தலையில் இறக்கினால் அவன் தெருவுக்கு வருவான். நான் சொல்ல வருவது முக்கியமாக இதுதான்.

இன்னொன்று நாள் கணக்கு. அலுவலகத்துக்கு டிசம்பர் 31 ஒரு தேதி. விவசாயிக்கு அது பருவத்தின் நடுவில் எங்கேயோ வந்து விழும். பஞ்சாபில் வைக்கோல் தாளை எரிக்கிறார்கள், டெல்லி மூச்சுத் திணறுகிறது என்று வருஷா வருஷம் செய்தியில் பார்க்கிறோம். அதற்குப் பின்னால் 2009இல் வந்த ஒரு சட்டம் இருக்கிறது. நிலத்தடி நீரைக் காப்பாற்ற, மழை நெருங்குகிற வரை நாற்று நடக் கூடாது என்று தேதி தள்ளினார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் நடவு தள்ளினால் அறுவடையும் தள்ளும். நெல்லுக்கும் கோதுமைக்கும் இடையில் இரண்டு மூன்று வாரம்தான் மிஞ்சியது. தாளை அப்புறப்படுத்த இயந்திரம் வேண்டும், ஆள் வேண்டும், இல்லையென்றால் ஒரு தீக்குச்சி. ஒரு சுற்றுச்சூழல் சட்டம் அவனைத் தீக்குச்சியிடம் தள்ளியது, இன்னொன்று தீ வைத்தால் சிறை என்றது. 2020இல் டெல்லி எல்லையில் உட்கார்ந்தவர்களின் கோரிக்கையில் மூன்று வேளாண் சட்டங்களோடு இந்தத் தண்டனையை நீக்குவதும் சேர்ந்திருந்ததற்குக் காரணம் அதுதான்.

இலங்கையைப் பற்றி நான் நீட்ட வேண்டியதில்லை. 2021இல் இரசாயன உரத்துக்கு ஒரேயடியாகத் தடை, நெல்லும் தேயிலையும் அடிவாங்கின, நவம்பரில் தடையை விலக்கினார்கள். மண்ணைக் காப்பது என்று பெயர் வைத்திருந்தாலும், வெளியிலிருந்து உரம் வாங்க அந்நியச் செலாவணி இல்லாததும் பின்னால் நின்றது. அதற்குப் பிறகு இயற்கை உரம் என்று யார் பேசினாலும் அங்கே ஒரு விவசாயியும் காது கொடுக்க மாட்டான். ஒரு நல்ல யோசனையைப் பத்து வருஷத்துக்குக் கெடுக்க வேண்டுமென்றால் அதை அவசரமாகச் சட்டமாக்கினால் போதும்.

இப்போது நம் வீட்டு விஷயம். காட்டை அழித்த நிலத்தில் விளைந்த செம்பனை, ரப்பர், கொக்கோ, கோப்பி, சோயா, மரம், மாடு எதுவும் தங்கள் சந்தைக்குள் வரக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் கொண்டுவந்தது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடு அழிக்காத நிலம் என்று காட்ட வேண்டும். அமலுக்கு வரும் தேதி 2024 டிசம்பர் என்றார்கள், பிறகு 2025 என்றார்கள், இப்போது 2026 டிசம்பருக்குத் தள்ளியிருக்கிறார்கள். குலை விளைந்த நிலத்தின் இருப்பிடம் வேண்டும். நாலு ஹெக்டருக்குக் கீழே என்றால் வரைபடத்தில் ஒரு புள்ளி போதும், மேலே என்றால் எல்லை முழுக்கக் கோடு போட வேண்டும்.

எனக்கு ஒரு புள்ளி. கேட்க எவ்வளவு சுலபம்! மேடையில் வேலை பார்க்கும் பையன், "அங்கிள், மரத்தடியில நின்னு போன்ல ஒரு புள்ளி வச்சு அனுப்புங்க" என்றான். போனேன். ஓலை அடர்ந்த இடத்தில் லைன் கிடைக்கவில்லை. வாய்க்கால் ஓரம் வந்து நின்று வைத்தேன். அனுப்பிய பிறகு பையன் கூப்பிட்டான்: "அங்கிள், உங்க தோட்டம் ஆத்துக்குள்ள இருக்கு." பெர்ணாம் ஆற்றின் நடுவில் விழுந்திருந்தது என் நாலு ஏக்கர். சிரித்துவிட்டு மறுபடி வைத்தேன், அது பக்கத்துக்காரர் நிலத்தில் விழுந்தது. அடுத்தது நில கிராண்ட், அதாவது பட்டா. வேலை பார்த்த தோட்டத்தை முதலாளி விற்றபோது கிடைத்த பணத்தோடு சேமநிதியையும் போட்டு அப்பா வாங்கிய நிலம் அது. கிராண்டில் அப்பா பெயரும் சித்தப்பா பெயரும் இருக்கின்றன. இருவரும் இல்லை. பெயர் மாற்ற எல்லா வாரிசும் கையெழுத்துப் போட வேண்டும், ஒருத்தர் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார். செம்பனை வாரிய உரிமம் இல்லாமல் குலை விற்க முடியாது, அது இருக்கிறது. 2020 முதல் கட்டாயமான எம்எஸ்பிஓ (இயற்கையைக் கெடுக்காமல் செம்பனை வளர்ப்பதற்கான மலேசியச்) சான்றிதழ், அதுவும் குழுவாகச் சேர்ந்து எடுத்தாயிற்று. என் மரத்துக்கு 24 வயது. அதற்கு முன் அந்த மண்ணில் தென்னை நின்றது. 2020க்குப் பிறகு நான் காட்டை அழித்தேனா என்று கேட்டால், என் நிலத்தில் அழிக்கக் கிடைத்தது லாலாங் என்ற களைப்புல்தான். ஆனாலும் நான் குற்றவாளி இல்லை என்பதை நான்தான் நிரூபிக்க வேண்டும், என் செலவில்.

2023 மார்ச்சில் மலேசியச் சிறுதோட்டக்காரர் சங்கங்கள் சில சேர்ந்து கோலாலம்பூர் ஐரோப்பிய ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுத்தன. ஆக, வாயே திறக்கவில்லை என்பது முழுக்கச் சரியில்லை. நம்முடையது மனுக் கொடுக்கிற பழக்கம், அவ்வளவுதான்.

நம் பக்கத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். காட்டைச் செம்பனை தின்னவில்லை என்று நான் சாதிக்க மாட்டேன். சபா, சரவாக் பக்கம் போய் வந்தவர்களுக்குத் தெரியும். கரிமண் நிலம், அதாவது செடிகொடி மக்கிச் சேர்ந்த சதுப்பு மண், இன்னொரு கதை. தண்ணீரை வடித்துவிட்டுச் செம்பனை நட்டால் அந்த மண் வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் கீழே இறங்கிக்கொண்டே போகும், கூடவே கரியமில வாயுவும் வெளியேறிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட துண்டில் மரங்கள் வேர் வெளியே தெரிய, தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரம் மாதிரி ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்கும். ஒரு நாள் வடிகாலால் தண்ணீர் வடியாத மட்டத்துக்கு மண் இறங்கிவிடும். அந்த நிலத்துக்குச் சட்டமே வேண்டாம் என்று போராடுகிறவன் தன் பேரனுக்கு எதிராகப் போராடுகிறான்.

இன்னொரு விஷயம், இதைச் சொன்னால் சங்கத்தில் சிலர் முகம் சுளிப்பார்கள். சிறு விவசாயியின் முகத்தை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் பெரியவர்கள் நிற்பது எல்லா ஊரிலும் உண்டு. ஐரோப்பாவில் விவசாய நேரடி மானியத்தில் 80 விழுக்காடு, வாங்குகிறவர்களில் 20 விழுக்காட்டினருக்குப் போகிறது. சாலையில் குளிரில் உட்கார்ந்தவனும் சலுகையை அள்ளியவனும் ஒரே ஆள் இல்லை. இங்கேயும் ஐரோப்பியச் சட்டத்தைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் "பாவம் சிறுதோட்டக்காரன்" என்றுதான் தொடங்குவார்கள். அந்தச் சிறுதோட்டக்காரனுக்குக் குலை விலையில் பத்து வெள்ளி கூட்டிக் கொடுங்கள் என்றால் பேச்சு மாறிவிடும்.

சரி, நாம் ஏன் சாலைக்கு வரவில்லை? பக்கத்து இந்தோனேசியாவில் வந்தார்களே. 2022 ஏப்ரல் 28 முதல் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்டதும் அங்கே குலை விலை படுத்துவிட்டது. மே 17ஆம் தேதி சிறு விவசாயிகள் ஜகார்த்தாவுக்கு வந்து ஊர்வலம் போனார்கள். மலேசிய விவசாயி சிரிக்கிறான், நாங்கள் தவிக்கிறோம் என்ற கருத்தில் பதாகை பிடித்தார்கள். உண்மைதான், அந்த மாதம் நான் சிரித்தேன். அடுத்த வாரம் தடை நீங்கியது. அதன் பிறகு இங்கேயும் விலை சரிந்தது, சிரிப்பும் போயிற்று.

நமக்கு டிராக்டர் இல்லை, டீச்சர். இருப்பது ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு தள்ளு வண்டி. இது கிண்டல் இல்லை. சாலையை மறிக்கக் கனமான பொருள் வேண்டும், அதை ஓட்டி வர நிலத்தில் உறுதியாக நிற்கிற கால் வேண்டும். நம்மில் பெரும்பாலோர் நாலு தலைமுறை அடுத்தவர் நிலத்தில் பால் மரம் (ரப்பர்) வெட்டியவர்கள். முதலாளிகள் தோட்டத்தை விற்றபோது நாம் போராடியது வீட்டுக்கு, கோயிலுக்கு, பள்ளிக்கு. விவசாயி என்ற பெயர் நமக்கு இருந்ததே இல்லை. ஆளுக்குப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கலாம் என்று, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். அது இல்லாவிட்டால் எத்தனையோ பேருக்கு நிலத்தில் ஒரு பங்கு என்ற நினைப்பே வந்திருக்காது. இந்த நாட்டில் விவசாயி இயந்திரத்துக்கு முன்னால் நிற்பது பெரும்பாலும் நிலத்துக்காகத்தான். நம் பேராவிலேயே 2023 அக்டோபரில் காந்தானில் காய்கறித் தோட்டங்களை இடிக்க வந்தபோது மலேசிய சோசலிசக் கட்சியின் டாக்டர் ஜெயக்குமார் உட்படச் சிலரைக் கைது செய்தார்கள். அங்கே கேள்வி காலடி மண்ணைப் பற்றியது, பருவநிலை அதற்குப் பிறகுதான்.

அதோடு டீசல் ஏற்றியபோது தகுதியுள்ள சிறுதோட்டக்காரர்களுக்கு மாதம் 200 வெள்ளி கணக்கில் போட்டார்கள். அது போதுமா என்பது வேறு. ஆனால் செலவு வந்த அதே வேளையில் கையில் ஏதோ வந்தது. ஜெர்மன்காரனுக்கு அது இல்லை.

சண்டை இல்லாமல் செய்ய முடியுமா என்று நீங்கள் கேட்பீர்கள். டென்மார்க்கைப் பாருங்கள். நமக்குப் பக்கத்து ஜெண்ராட்டா தோட்டத்தை 1906இல் தொடங்கியவர் ஒரு டேனிஷ்காரர் என்பதால் அந்த நாட்டுச் செய்தியை நான் விடுவதில்லை. மாட்டு ஏப்பத்துக்கும் சாணத்துக்கும் வரி போடப்போகிற முதல் நாடு அது, 2030 முதல். விவசாயிகள் சங்கத்தையும் இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தையும் ஒரே மேசையில் உட்காரவைத்து 2024 ஜூனில் ஒப்பந்தம் போட்டார்கள். கரியமில வாயுக் கணக்கில் டன்னுக்கு 300 குரோனர், ஆனால் 60 விழுக்காடு கழிவு, எனவே கையை விட்டுப் போவது 120. வசூலிக்கிற பணம் முதலில் விவசாயத்தை மாற்றுவதற்கே திரும்பும். ஆறு வருஷ அவகாசம். முணுமுணுப்பு இருந்தது, கொஞ்சம் ஊர்வலமும் இருந்தது, ஆனால் நெதர்லாந்து மாதிரி நாடு நின்றுபோகவில்லை. வரி அங்கே மற்ற இடங்களைவிடக் கடுமைதான் என்பதை மறக்காதீர்கள்.

வரும் சனிக்கிழமை எனக்குக் குலை வெட்டு. காலை எட்டு மணிக்கு வந்தால் ஆண் பூவையும் காட்டுகிறேன், உதிரிப் பழம் பொறுக்குகிற வேகத்தையும் பார்க்கலாம். உங்கள் போன் புதிது என்று கேள்விப்பட்டேன். அதையும் கொண்டு வாருங்கள், ஆற்றுக்குள் விழாத புள்ளி ஒன்று எனக்கு இன்னும் வேண்டியிருக்கிறது.